தாமரை பஞ்ச்சும் சுத்தியல் தழும்பும்

கொட்டிவாக்கம்
3.6.2024

மதினி,

சௌக்கியமான்னு கேட்டு ஆரம்பிக்கணும். கேக்க மனசு வரலை. விஷயத்துக்கே வந்துடுறேன்.

இந்த அட்டைப்பெட்டியில அஞ்சு பஞ்ச் இருக்கு. எல்லாம் உங்க கடையில வாங்கினதுதான். தாளை இடையில விட்டு அமுக்கினா பூவும் பூச்சியுமா வெட்டித் தந்ததுங்க, இப்ப ஒண்ணுகூட ஒழுங்கா வேலை செய்யலை. தாமரை அமுக்கினா கீழயே நின்னுக்குது, மேல வரமாட்டேங்குது. வண்ணத்துப்பூச்சி ஒரு றெக்கையை வெட்டிட்டு இன்னொண்ணைக் கடிச்சு வச்சுக்குது. லேஸ் ஓரம் வெட்டுறதுல துரு. மத்த ரெண்டையும் நீங்களே பாருங்க.

நந்தனத்துல ஒரு கல்யாண ஆர்டர் எடுத்திருக்கேன். தாம்பூலப் பையில தொங்கவிடுற சீட்டு. ஆவணி முகூர்த்தம். அடையாறுல ரெண்டு கடையில கேட்டுப் பார்த்துட்டேன். "ரிப்பேர் எல்லாம் கிடையாதும்மா, புதுசு வாங்கிக்கோங்க"ங்கறாங்க. இதைத் திறந்து பார்க்கத் தெரிஞ்ச ஆள் எனக்குத் தெரிஞ்சு நீங்க ஒருத்தர்தான். அதுக்காகத்தான் அனுப்புறேன். வேற எதுக்கும் இல்லை.

பார்சல் வண்டி ஜவஹர் அண்ணன் கொண்டுவந்து தருவார். உங்க நம்பர், எங்க அண்ணன் நம்பர் ரெண்டையும் என் போன்ல தடுத்து வச்சிருக்கேன். அதை எடுக்கப் போறதில்லை. சொல்ல வேண்டியது இருந்தா ஒரு தாள்ல எழுதிப் பெட்டிக்குள்ளயே போட்டுடுங்க. காதுகுத்து வீட்டுப் பேச்சு மட்டும் வேண்டாம்.

ஷண்முகப்ரியா


தி.நகர்
6.6.2024

ப்ரியா,

"மதினி"ன்னு ஒரு வார்த்தை போட்டிருக்கே. அதுவே போதும்னு பெட்டியைப் பிரிச்சேன்.

தாமரை பஞ்ச் தலையில சுத்தியல் தழும்பு! ஒண்ணு இல்லை, வட்டம் வட்டமா மேலுக்கு மேல. இது உன் வீட்டு பஞ்ச்சான்னு திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அடியில நீ ஒட்டின மஞ்சள் ஸ்டிக்கர் அப்படியே இருக்கு. என் கடைக்கு வர்ற பொம்பளைங்களுக்கு, "இப்படி உள்ளங்கையை நேரா வச்சு ஒரே அமுக்கு"ன்னு செஞ்சு காட்டினவ நீ. உன் கை அமுக்குறதைப் பார்த்துட்டு வாங்கிட்டுப் போனவங்க எத்தனையோ பேர். அந்தக் கையா சுத்தியலை எடுத்துச்சு?

சரி, வேலையைச் சொல்றேன்.

தாமரைக்குள்ள ரெண்டு தாள் ஒண்ணா மாட்டியிருந்துச்சு. தலைகீழாக் கவிழ்த்து, ஃப்ரீசர்ல கொஞ்ச நேரம் வச்சேன். குளிர்ல இரும்பு சுருங்கும், பிடி விடும். அப்புறம் அடிப்பக்கமா ஊதுபத்திக் குச்சியால தள்ளினதும் டக்குன்னு மேல வந்துடுச்சு. இந்த இடத்துல கத்தியோ ஸ்க்ரூ டிரைவரோ விட்டுடாதே, வெட்டுற விளிம்பு போயிடும்.

வண்ணத்துப்பூச்சிக்கு மொண்ணை. நைஸ் உப்புத்தாளை சொரசொரப்பு கீழ இருக்கிற மாதிரி விட்டு நாலஞ்சு வெட்டு, அலுமினியம் ஃபாயிலை மடிச்சு விட்டு நாலஞ்சு வெட்டு. கூர் வந்துடுச்சு. இறுக்கமா இருந்ததுக்கெல்லாம் பட்டர் பேப்பர் விட்டு வெட்டினேன், அந்த மெழுகு போதும். எண்ணெய் போட்டுடாதே, கல்யாணச் சீட்டெல்லாம் கறையாப் போகும். லேஸ்ல துரு உங்க ஊர் உப்புக் காத்தாலதான். துடைச்சு வச்சிருக்கேன், மூடி போட்ட டப்பாவுல வை.

ஆனா ஒண்ணு எனக்குப் பிடிபடலை. அஞ்சுலயும் இடது பக்கம்தான் வெட்டியிருக்கு, வலது பக்கம் தாள் கசங்கி உள்ளயே கிடக்கு. கோணலா அமுக்கியிருக்கே. நீ கோணலா அமுக்கி நான் பார்த்ததே இல்லை.

அந்தப் பேச்சு வேண்டாம்னு எழுதிட்டே. ஒரே ஒரு வாட்டி எழுதிக்கறேன், அப்புறம் எழுதலை. "பொண்டாட்டி கையால தின்னுறவனுக்கு முதல் பந்தியா"ன்னு உன் வீட்டுக்காரரைப் பார்த்து உங்க அண்ணன் கேட்டது தப்பு. அத்தனை பேர் முன்னால. சுரேஷ் தம்பி பாதிச் சாப்பாட்டுல இலையை மூடிட்டு எழுந்ததும், நீ குழந்தை வர்ஷினியை இழுத்துக்கிட்டுப் பின்னாடியே போனதும் எனக்கு இப்பவும் கண்ணுல நிக்குது. ஆனா ஜவுளிக்கடையில நல்ல சூப்பர்வைசர் வேலையைத் தம்பி தானாவே விட்டுட்டு வீட்டுல உட்கார்ந்தா, உன் கூடப் பிறந்தவனுக்கு வயிறு எரியாதா? அதையும் நீ நினைச்சுப் பார்க்கணும்.

பஞ்ச் எல்லாம் சரி பண்ணி இதோட வருது.

ஸ்வர்ணலதா


கொட்டிவாக்கம்
12.6.2024

மதினி,

பஞ்ச் வந்துச்சு. நல்லா வெட்டுது. நன்றி.

சுத்தியலுக்கு இவ்வளவு பெரிய விசாரணையா? வர்ஷினி விளையாட்டா ரெண்டு தட்டு தட்டியிருப்பா. கோணல்னு சொன்னது அவசரம். தங்கக் கலர் மினுமினுப்புத் தாள் ரொம்ப தடிமன், அந்தப் பக்கம் இறங்கலை. வேற ஒண்ணும் இல்லை.

இவர் வேலையை விட்டது இவர் சொந்த விஷயம். யாருக்கும் வயிறு எரிய வேண்டாம்.

லேஸ் பஞ்ச் கீழ விழுந்து உடைஞ்சுபோச்சு. நட்சத்திரமும் மறுபடி மாட்டிக்கிச்சு. ரெண்டையும் அனுப்பியிருக்கேன். லேஸ் தேறுமா தேறாதான்னு மட்டும் சொல்லுங்க. இல்லைன்னா அந்த டிசைனையே விட்டுடறேன்.

என் எழுத்து கோழி கிளறின மாதிரி இருக்குன்னு நினைப்பீங்க. மடியில வச்சு எழுதுறேன்.

ஷண்முகப்ரியா


தி.நகர்
14.6.2024

ப்ரியா,

இந்தக் கடுதாசியை நீ தனியா இருக்கும்போது படி.

பெட்டியைக் கடையில வச்சுப் பிரிச்சேன். லேஸ் பஞ்ச் மூலை பிளந்திருக்கு. அந்தப் பிளவுல ஒரு நீளமான முடி. பக்கத்துல காய்ஞ்ச ரத்தம். பஞ்ச்சை அப்படியே மேசையில வச்சுட்டேன். ரிப்பன் கேட்டு வந்த பொண்ணு, "ஆன்ட்டி, என்ன ஆச்சு"ங்கறா. அப்புறம் வாம்மான்னு அவளை அனுப்பிட்டேன்.

அது உன் முடி ப்ரியா. அவ்வளவு நீளம் உன் வீட்டுல வேற யாருக்கு?

ஜவஹரை நிறுத்திக் கேட்டேன். முதல்ல மழுப்பினார். அப்புறம், "அந்தக்காவுக்கு நெத்தியில இம்மாம் பெரிசு பிளாஸ்திரி போட்டுக்கீதுக்கா. கேட்டா பேச மாட்டேங்குது. அவங்க வூட்டுக்காரர்தான் பொட்டியைக் கட்டிக் குடுத்தாரு"ன்னார்.

நான் பல வருஷமா இந்தப் பொருளை விக்கிறேன். மேசையில இருந்து விழுந்த பஞ்ச் எப்படி உடையும்னு எனக்குத் தெரியும். அடிப்பிளாஸ்டிக் விரியும், ஸ்ப்ரிங் வெளியே வரும். மூலையில முடி சிக்காது. நட்சத்திரத்து மேலயும் சுத்தியல் தழும்பு. ஆறு வயசுப் பிள்ளை கைக்கு அந்த பலம் கிடையாது. இரும்புத் தகடே உள்ள வாங்கியிருக்கு. ஆம்பளைக் கை அடிச்ச அடி அது.

நேராவே கேக்கறேன். சுரேஷ் தம்பி உன்னை அடிக்கிறாரா? இந்த பஞ்ச்சைத் தூக்கி உன் மேல எறிஞ்சாரா? வேலை வெட்டி இல்லாம வீட்டுல இருக்கிற ஆம்பளைக்குக் கோபம் எங்க போகும்னு எனக்குத் தெரியாதா? என் சித்தி இப்படித்தான் "வழுக்கி விழுந்தேன், வழுக்கி விழுந்தேன்"னு சொல்லிச் சொல்லியே போய்ச் சேர்ந்தா.

பிள்ளையைக் கூட்டிக்கிட்டு வந்துடு. உங்க அண்ணன் என்ன சொன்னாலும் அந்த வீட்டுக் கதவைத் திறக்கிறவ நான். மாத்துத் துணிகூட எடுக்க வேண்டாம்.

பதில் எழுதப் பயமா இருந்தா, பெட்டிக்குள்ள ஒரு வெத்துத் தாளைப் போட்டு அனுப்பு. நான் புரிஞ்சுக்கறேன்.

ஸ்வர்ணலதா


கொட்டிவாக்கம்
17.6.2024

மதினி,

வெத்துத் தாள் அனுப்ப மாட்டேன். நல்லாவே எழுதுறேன், படிச்சுக்கோங்க.

இவர் என் மேல ஒரு நாளும் கை வச்சதில்லை. ஒரு முடியைப் பார்த்து இவ்வளவு கதை கட்டுவீங்களா? நான் மாடிப்படியில விழுந்தேன். கையில அந்த பஞ்ச் இருந்துச்சு, அது மேலயே நெத்தி பட்டுச்சு. அவ்வளவுதான் நடந்தது.

அன்னைக்குப் பந்தியில அண்ணன் கேட்டதே மேல். அவங்க சோம்பேறின்னாங்க. நீங்க கொலைகாரன்ங்கறீங்க.

இனிமே எந்த பஞ்ச்சும் உங்களுக்கு வராது. இந்தப் பேச்சை அண்ணன் காதுல போட்டீங்கன்னா, செத்தாலும் உங்க முகத்துல முழிக்க மாட்டேன்.

ஷண்முகப்ரியா


கொட்டிவாக்கம்
24.6.2024

மதினி,

சொன்னீங்களே. அண்ணன்கிட்ட சொன்னீங்களே!

சனிக்கிழமை மத்தியானம் என்ன நடந்துச்சுன்னு அண்ணன் உங்ககிட்ட எப்படிச் சொன்னாங்களோ தெரியாது. நான் சொல்றேன், கேளுங்க. பேனாவுல துணியைச் சுத்தி, ரப்பர் பேண்ட் போட்டுப் பிடிச்சுக்கிட்டு எழுதுறேன். ஏன்னு போகப் போகத் தெரியும். நேத்து பாதி எழுதினேன், இன்னைக்கு மீதி.

இவர் அடுப்படியில அப்பளம் பொரிச்சுக்கிட்டு இருந்தார். கீழே இருந்தே அண்ணன் குரல் கேட்டுச்சு, "வெளியே வாடா." கூட உங்க கடை வைரவன். இவர் கையில கரண்டியோட படிக்கு வந்தார். "வாங்க மச்சான்"னுதான் சொன்னார். அத்தனை மாசம் கழிச்சு வந்த ஆளை வாங்கன்னு கூப்பிட்டார் மதினி.

"என் தங்கச்சி மண்டையை உடைச்சியாடா?"

இவர் திரும்பி என்னைப் பார்த்தார். ஒரு வார்த்தை சொல்லியிருந்தா முடிஞ்சுபோயிருக்கும். ஆனா வர்ஷினி தலையில அடிச்சு நான் சத்தியம் வாங்கியிருந்தேன். அதனால வாயைத் திறக்கலை. அப்படியே நின்னார். அதைப் பார்த்து அண்ணன், "பாரு, வாய் வருதா பாரு"ன்னு வைரவன்கிட்ட சொல்லிட்டே கன்னத்துல அறைஞ்சாங்க. சட்டையைப் பிடிச்சு இழுத்தாங்க. நான் ஓடிப் போய்த் தடுக்கலாம்னு எழுந்தா, கால் எனக்கு வரலை. செருப்பு ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். அதுக்குள்ள இவர் படியில உருண்டுட்டார். வலது கை அடியில மாட்டிக்கிச்சு. முறுக்கு ஒடியற மாதிரி ஒரு சத்தம். நான் அந்தச் சத்தத்துலயே நிக்கிறேன் இன்னும்.

மேல் வீட்டு ஹாஜிரா பீ இறங்கி வந்து கத்தினாங்க. "யோவ், உனக்கு இன்னா தெரியும்? அந்தாளு பொண்டாட்டிக்குத் தலைவாரி ஜடை போட்டு உடறதை நான் டெய்லி பாத்துக்கினு கீறேன். அவரையா அடிக்கிறே?" போலீஸுக்குப் போன் போடப் போனாங்க. இவர்தான், கையைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்த இடத்துல இருந்தே, "வேண்டாம்கா, எங்க மச்சான்தான்"னார். அண்ணன் ஒண்ணும் புரியாம நின்னுட்டு இறங்கிப் போயிட்டாங்க.

ஏன் அவர் எனக்குத் தலை வாரணும்னு இப்ப உங்களுக்குத் தோணும்.

மதினி, என் கை போயிடுச்சு.

போன தீபாவளிக்கு முன்னாடியே ஆரம்பிச்சுச்சு. முதல்ல ஜாக்கெட் ஹூக் போட முடியலை. அப்புறம் தம்ளர் நழுவுச்சு. அப்புறம் பஞ்ச். பார்த்தா விரல் எல்லாம் இருக்கு, அமுக்கினா எங்கயோ யாரோ அமுக்குற மாதிரி இருக்கும். வலது கை முழுசாவே கேக்கலை. முழங்கையை ஊன்றி அமுக்கினேன். நீங்க கண்டுபிடிச்சீங்களே, கோணல். அது என் முழங்கை.

யாருக்கும் தெரியக்கூடாதுன்னு நினைச்சேன். கை போயிடுச்சுன்னு தெரிஞ்சா யார் ஆர்டர் தருவா? அது மட்டும் இல்லை. எங்க அம்மா கையும் காலும் விழுந்து வருஷக்கணக்கா கட்டில்ல கிடந்ததைப் பார்த்தவ நான். போன்ல தேடிப் பார்த்தேன். மருந்தே இல்லாத ஒரு வியாதி பேர்தான் முதல்ல வந்துச்சு. அந்தப் பேரை ஒரு டாக்டர் வாயால கேக்குற தைரியம் எனக்கு இல்லை.

இவர் வேலையை விட்டது அதுக்குத்தான். "உனக்குக் கை நான் இருக்கேன், நீ டிசைனைச் சொல்லு"ன்னார். துணி பண்டலைத் தூக்கிப் பழகின கை, பஞ்ச் நுணுக்கம் எப்படி வரும்? தாளை ரெண்டு ரெண்டா விடுவார். மாட்டிக்கும். நான் பார்க்காதப்போ சுத்தியலால தட்டுவார். ஆர்டர் முடியணுமே. நீங்க பார்த்த தழும்பு அதுதான். ஆம்பளைக் கை அடிச்ச அடின்னு எழுதினீங்களே, அது வரைக்கும் சரி. நெத்தி உடைஞ்சது மட்டும் நான் எழுதின மாதிரியே, கால் தடுமாறிப் படியில விழுந்ததுதான்.

பந்தியில அண்ணன் அப்படிக் கேட்டப்பவே நான் வாயைத் திறந்திருக்கணும். இவர் என் தொடையில கையை வச்சு அமுக்கினார், பேசாதேன்னு. இவர் என் கையால தின்னலை மதினி. நான்தான் இவர் கையால தின்னேன். சும்மா பேச்சுக்குச் சொல்லலை, சோறு பிசைஞ்சு ஊட்டினதைச் சொல்றேன்.

அந்தக் கை இப்ப மாவுக்கட்டுல இருக்கு. ரெண்டு பேரும் எதிர் எதிர உட்கார்ந்திருக்கோம். ஹாஜிரா பீ வந்து வர்ஷினிக்குச் சாப்பாடு கொடுத்துட்டுப் போறாங்க.

நந்தனம் கல்யாண வீட்டுக்கு என்ன பதில் சொல்லணும்னு உங்களால முடிஞ்சா சொல்லுங்க. எனக்கு ஒண்ணும் ஓடலை.

ஷண்முகப்ரியா


தி.நகர்
25.6.2024

என் ப்ரியா,

எங்க ஆரம்பிக்கிறதுன்னு தெரியலை. கடையில நின்னுக்கிட்டேதான் படிச்சேன். "என் கை போயிடுச்சு"ங்கற வரி வந்ததும் அப்படியே தரையில உட்கார்ந்துட்டேன். வாங்க வந்தவங்க ஏதோ மயக்கம்னு நினைச்சுத் தண்ணி தெளிச்சாங்க. என் கண்ணு முன்னால அஞ்சு பஞ்ச்சும், இடது பக்கம் மட்டும் வெட்டின தாளும் கிடந்து சுத்துது. எல்லாத்தையும் பார்த்தேனே ப்ரியா. கோணல்னு பார்த்தேன், தழும்புன்னு பார்த்தேன், முடின்னு பார்த்தேன். உன் கைக்கு என்னாச்சுன்னு ஒரு வார்த்தை கேக்கத் தோணலையே எனக்கு!

ஆமா, நான்தான் சொன்னேன். உன் பதில் வந்த அன்னைக்கு ரெண்டு மனசா இருந்துச்சு. நீ பயந்துபோய்தான் அப்படி எழுதுறேன்னு நினைச்சேன். நாளைக்கு உனக்கு ஒண்ணு ஆச்சுன்னா, தெரிஞ்சும் சும்மா இருந்தவளா ஆயிடுவேனேன்னு சொன்னேன். சமாதானம் சொல்ல இதை எழுதலை. நடந்ததை எழுதுறேன்.

உங்க அண்ணன் சனிக்கிழமை வந்து, "ரெண்டு போட்டுட்டு வந்தேன், இனிமே கை நீட்ட மாட்டான்"னு சொல்லிட்டுத்தான் சாப்பிட உட்கார்ந்தாங்க. கை ஒடிஞ்சது அவங்களுக்கே தெரியாது. உன் கடுதாசியை நேத்து வீட்டுல வச்சு அவங்களுக்கு வாய்விட்டுப் படிச்சேன். ஒரு வரிகூட விடலை. சோறு ஊட்டினதுங்கற இடத்துல, "நிறுத்து"ன்னாங்க. நிறுத்தினேன். அப்புறம், "திரும்பப் படி"ன்னாங்க. படிச்சேன். எழுந்துபோய் குடோன்ல விளக்குகூடப் போடாம உட்கார்ந்துட்டாங்க. ராத்திரி சாப்பிடலை. நான் கூப்பிடவும் இல்லை. கிடக்கட்டும்.

இப்ப நீ கேளு. பேர் தெரியாத வரைக்கும் வியாதி இல்லைன்னு ஆயிடுமா? போன் சொன்னதை நம்பி நீயே உனக்குத் தீர்ப்பு எழுதிக்கிட்டு உட்கார்ந்திருக்கே. பஞ்ச் மாட்டிக்கிட்டா அதைத் திறந்து உள்ள என்னன்னு பார்க்காம, செத்துப்போச்சுன்னு தூக்கிப் போடுவியா? போட மாட்டியே. எனக்குத்தானே அனுப்பினே!

நாளைக்குக் காலையில கடையைத் திறக்கலை. நேரா அங்க வர்றேன். நரம்பு டாக்டர்கிட்ட நேரம் வாங்கியாச்சு. கதவைத் திறக்கலைன்னா வாசப்படியில உட்கார்ந்திருப்பேன், ஹாஜிரா பீ காபி தருவாங்க. சுரேஷ் தம்பிகிட்ட என்ன பேசணும்னு எனக்குத் தெரியலை. கால்ல விழுறதுன்னா விழுந்துடுவேன், அது சுலபம். அவர் முகத்தைப் பார்க்கிறதுதான் எப்படின்னு தெரியலை.

நந்தனம் ஆர்டரை நான் பார்த்துக்கறேன். நீ அதைப் பத்தி யோசிக்காதே.

மதினி


கொட்டிவாக்கம்
4.8.2024

மதினி,

உங்க நம்பரைத் திறந்து எத்தனையோ நாளாச்சு, அப்புறம் எதுக்குக் கடுதாசின்னு நினைப்பீங்க. போன்ல பேசினா கூடத்துல உட்கார்ந்திருக்கிறவங்களுக்குக் கேக்கும். அதான் உள் அறையில படுத்துக்கிட்டு, கழுத்துப் பட்டையோட, ரெண்டு வரி ரெண்டு வரியா எழுதுறேன்.

டாக்டர்கிட்ட போன அன்னைக்கு நீங்க வெளியில உட்கார்ந்திருந்தீங்க. உள்ளே நடந்ததை நான் யார்கிட்டயும் சொல்லலை. டாக்டர் என் கையைத் தளர்வாத் தொங்கவிடச் சொல்லி, நடுவிரல் நகத்தைச் சும்மா ஒரு சுண்டு சுண்டினார். என் கட்டைவிரல் தானாத் துள்ளுச்சு! நான் ஆட்டலை மதினி. கையையே வெட்டி எறிஞ்சுடலாம் போல பயம். அவர் என்னைப் பார்க்கலை, இவரைப் பார்த்து, "கழுத்தை ஸ்கேன் பண்ணணும்"னார். கழுத்தா? கைக்கு வந்தவ கழுத்துக்கு எங்க போவேன்னு முழிச்சேன்.

ஸ்கேன் படத்தை வெளிச்சத்துல வச்சு அவர் காட்டினதும் இன்னொரு அதிர்ச்சி. எலும்புக்கு நடுவுல ஜவ்வு பிதுங்கி, நரம்புத் தண்டைக் கிள்ளிப் பிடிச்சிருக்கு. நான் தினமும் பயந்து செத்த அந்த வியாதி இல்லவே இல்லை. ஆபரேஷன் பண்ணலாம்னார். "லேட்டா வந்திருக்கீங்க. இன்னும் தள்ளிப் போட்டிருந்தா நடக்கிறதும் போயிருக்கும். போனது எவ்வளவு திரும்பும்னு என்னால சொல்ல முடியாது, மேற்கொண்டு போகாம நிறுத்திடலாம்"னார். சந்தோஷப்படுறதா அழுறதான்னு தெரியாம இவரைப் பார்த்தேன். இவர் மாவுக்கட்டுக் கையால முகத்தை மறைச்சுக்கிட்டு அழறார். என்னால எழுந்துபோய் அந்தக் கையை எடுத்துவிடக்கூட முடியலை. ரெண்டு பேருக்கும் கையில்லாத நேரம்.

ஆபரேஷன் முடிஞ்சதுல இருந்து நீங்க கூட இருந்தது உங்களுக்கே தெரியும். இப்ப இடது கை விரல் நல்லாவே மடங்குது. வலது மெதுவா. நேத்து நானே ஒரு இட்லியைப் பிட்டேன். சிந்தினது பாதி, தின்னது பாதி. வர்ஷினி கைதட்டினா.

அண்ணன் ஆஸ்பத்திரிக்கு வந்ததும், வார்டு வாசல்லயே நின்னதும், இவர் பார்த்துட்டு முகத்தைத் திருப்பிக்கிட்டதும் நீங்களும் பார்த்தீங்க. "மன்னிச்சுடுங்க"ன்னு அண்ணன் சொன்னது என் காதுலயே விழுந்துச்சு. இவர் பதில் சொல்லலை. சொல்லச் சொல்லி நானும் கேக்கலை. அடி வாங்கினது நான் இல்லையே.

இன்னைக்கு ஞாயித்துக்கிழமை. காலையில கதவைத் தட்டுற சத்தம். ஹாஜிரா பீன்னு நினைச்சு இவர் திறந்தார். அண்ணன் நிக்கிறாங்க, தனியா, கையில நீங்க சரிபண்ணிக் கொடுத்த பஞ்ச் பெட்டி. போன தடவை அந்த வாசல்ல ரெண்டு பேரும் எப்படி நின்னாங்கன்னு உங்களுக்குத் தெரியுமே. நீங்க ஒரு வார்த்தை முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா?

அண்ணன் உள்ளே வரட்டுமான்னு கேக்கலை. பெட்டியைக் காட்டி, "ஆவணி நெருங்குது. சீட்டு வெட்டணுமாம்"னாங்க. இவர் வழியை விட்டு நகர்ந்தார். வாங்கன்னு சொல்லலை. போங்கன்னும் சொல்லலை.

அதுல இருந்து கூடத்துல ரெண்டு பேரும் மேசைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும். இவர் ஒத்தைக் கையால தாளை அளந்து தள்ளி விடறார், அண்ணன் அமுக்குறாங்க. டக், டக்னு சத்தம் மட்டும். நான் கதவு இடுக்கு வழியாப் பார்த்துக்கிட்டு, இப்ப வெடிக்கும், இப்ப வெடிக்கும்னு உயிரைக் கையில பிடிச்சுக்கிட்டுப் படுத்திருக்கேன்.

கொஞ்ச நேரம் முன்னாடி சத்தம் நின்னுச்சு. எட்டிப் பார்த்தேன். அண்ணன் வேகத்துல ரெண்டு தாளை ஒண்ணா விட்டு பஞ்ச்சை மாட்டவச்சுட்டாங்க. எழுந்து நின்னு, ரெண்டு கையாலயும் மேல இருந்து அழுத்துறாங்க. கழுத்து நரம்பு புடைக்குது. பஞ்ச் அசையலை. இவர் அதைப் பார்த்துக்கிட்டே இருந்தார். அப்புறம் இடது கையை நீட்டி, அண்ணன் கைக்கு அடியில இருந்து பஞ்ச்சை மெதுவா உருவினார். கவிழ்த்தார். மடியில இடுக்கிக்கிட்டு, குச்சியால அடியில தள்ளினார். கசங்கின தாள் வெளியே வந்து விழுந்துச்சு. பஞ்ச்சைத் திரும்ப அண்ணன் பக்கம் தள்ளி வச்சார்.

"பலத்தைக் காட்டாதீங்க மச்சான்"னார். கோபமே இல்லை குரல்ல.

அண்ணன் உட்கார்ந்தாங்க. தலையை நிமிர்த்தவே இல்லை. பஞ்ச்சை இழுத்து முன்னால வச்சுக்கிட்டு, "சரி மாப்பிள்ளை"ன்னாங்க.

இவர் அடுத்த தாளை எடுத்து வச்சார்.

ப்ரியா